ஏசி வாரண்டியைத் தட்டிக்கழிக்கிறார்கள், என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. கோவையில் இருக்கிறேன். காருக்கு வாரண்டி இன்னும் முடியவில்லை. ஏசியில் குளிர்ச்சி குறைந்துகொண்டே வந்து இப்போது வெறும் காற்றுதான். சர்வீஸ் சென்டரில் கேஸ் நிரப்பி அனுப்பினார்கள். சில வாரத்தில் மறுபடி அதே கதை.

இப்போது, "கன்டென்சரில் கல் பட்டிருக்கு சார், வாரண்டியில் வராது" என்கிறார் அட்வைசர். கன்டென்சர் என்பது காரின் முன்பக்கம் இருக்கும், ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம். டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பக்கத் தகடுகளில் ஒரு நசுங்கல்கூட இல்லை. எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருப்பது ஓரத்தில், குழாய் சேரும் இணைப்பில். கேஸ் கசியும் இடத்தில்தான் கம்ப்ரெசர் எண்ணெயும் வெளியே வரும். கல் அங்கே எப்படி வளைந்து போய் அடித்ததோ! யூவி டை (புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம்) விட்டுக் கசிவைக் காட்டுங்கள் என்றால், மேனேஜர் லீவாம். ஜாப் கார்டில் "ஏசி செக்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். மறுப்பை எழுத்தில் தரவும் மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்து கம்பெனிக்குப் படங்களோடு மெயில், அப்புறம் 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று யோசனை. காரின் விலை 5 லட்சத்துக்கு மேல், 10 லட்சத்துக்குள் என்பதால் அங்கே கட்டணம் 200 ரூபாய்தான்.

வெளி மெக்கானிக்கிடம் கசிவுச் சோதனை செய்து எழுதி வாங்கினால், அதையே சாக்காக வைத்து வாரண்டியை ரத்து செய்துவிடுவார்களா? அதே கம்பெனியின் வேறு டீலர் இந்த வேலையை எடுத்துக்கொள்வாரா? 1915-இல் புகார் கொடுத்து வேலை நடந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.