கவுடெங்காரர் ஒருவர் டர்பன்காரர் ஒன்றே முக்கால் பேருக்குச் சமமா? தென்னாப்பிரிக்க மாகாண உற்பத்திக் கணக்கு பற்றி ஓர் ஐயம்

சாட்ஸ்வொர்த்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் வெரூலத்தில் நடந்த ஓர் உறவினர் திருமணத்தில், ஜோகன்னஸ்பர்கில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், "நாட்டின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம், நீங்கள் டர்பனில் உட்கார்ந்து கடற்காற்று வாங்குகிறீர்கள்" என்று பந்தியில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அப்போது சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கவுடெங் மாகாணத்தின் பங்கு 33 விழுக்காட்டுக்குச் சற்று மேல், டர்பன் இருக்கும் நமது குவாசூலு-நட்டாலின் பங்கு சுமார் 16 விழுக்காடு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 62 மில்லியன் பேர்; அவர்களில் 15.1 மில்லியன் பேர் கவுடெங்கிலும் 12.4 மில்லியன் பேர் இங்கும் வாழ்கிறார்கள். உற்பத்திப் பங்கை மக்கள்தொகைப் பங்கால் வகுத்தால் கவுடெங்குக்கு நாட்டுச் சராசரியைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கும் நமக்கு 0.8 மடங்கும் வருகின்றன. அப்படியானால் அங்கிருக்கும் ஒருவர் இங்கிருக்கும் ஒன்றே முக்கால் பேருக்குச் சமம் என்றாகிறது. இதை உற்பத்தித்திறன் வேறுபாடு என்று சொல்வது சரிதானா? மேலும், வடக்கு கேப்பில் மக்களும் சுமார் 2 விழுக்காடு, உற்பத்தியும் சுமார் 2 விழுக்காடு. சராசரி மாகாணம் என்று கணக்கு சொல்கிறது, ஆனால் அங்கே போய் வந்தவர் எவரும் அதைச் செழிப்பான மாகாணம் என்று சொல்லிக் கேட்டதில்லை. பொருளியல் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, வகுத்தலில் பிழையில்லை. வகுத்த எண்ணுக்கு வைத்த பெயரில்தான் பிழை. உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது தலா உற்பத்தி. அதில் தொட்டில் குழந்தையும் ஓய்வூதியம் வாங்கும் பாட்டியும் வேலை தேடி அலுத்தவரும் அடக்கம். உற்பத்தித்திறன் என்று பேச வேண்டுமானால் வேலையில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் உழைத்த மணி நேரத்தால் வகுப்பார்கள்.

காலாண்டுதோறும் வரும் உழைப்பாளர் கணக்கெடுப்பின்படி நாட்டில் 16 முதல் 17 மில்லியன் பேர் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கவுடெங்கிலும் சுமார் 16 விழுக்காட்டினர் குவாசூலு-நட்டாலிலும் உள்ளனர். இப்போது வகுத்துப் பாருங்கள்: கவுடெங்குக்கு 1.1, நமக்கு 1. ஒன்றே முக்கால் மடங்கு என்று பயமுறுத்திய இடைவெளி வெறும் 1.1 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. மேற்கு கேப்பின் கதை இன்னும் வேடிக்கையானது. உற்பத்தியில் 14 விழுக்காடு, மக்கள்தொகையில் 12 விழுக்காடு என்பதால் தலைக்கணக்கில் அது சராசரிக்கு மேலே நிற்கிறது. ஆனால் வேலையில் இருப்போரில் அதன் பங்கு சுமார் 16 விழுக்காடு என்பதால் தொழிலாளிக் கணக்கில் சராசரிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கேப் டவுன் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், பழத்தோட்டங்களிலும் விடுதிகளிலும் நிறைய பேருக்கு வேலை இருப்பதன் மறுபக்கம் அது.

ஆக, மாகாணங்களுக்கிடையே நாம் காணும் வேறுபாட்டின் பெரும்பகுதி, வேலையில் இருப்பவர் எவ்வளவு படைக்கிறார் என்பதில் இல்லை, எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது. பழைய குவாசூலு, டிரான்ஸ்கை, சிஸ்கை ஆகிய 'தாயகங்கள்', அதாவது நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிய பகுதிகள், எந்த மாகாணங்களின் எல்லைக்குள் வந்தனவோ, அந்த மாகாணங்களில்தான் பிள்ளைகளும் முதியோரும் மிகுதியாக வாழ்கிறார்கள். வேலை செய்யும் வயதினர் மூட்டை கட்டிக்கொண்டு சென்ற இடம் பெரும்பாலும் உங்கள் பெரியப்பா மகன் இருக்கும் மாகாணம்தான்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறேன். கிழக்கு கேப்பையும் இப்படி வகுத்தால் உற்பத்தி சுமார் 8, வேலையில் இருப்போர் சுமார் 8 என்று ஒன்றுக்கு அருகில் வரும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அரசுப் பள்ளி, மருத்துவமனை போன்றவற்றின் சேவைகளுக்குச் சந்தை விலை கிடையாது என்பதால், தேசியக் கணக்குகளில் அவற்றின் உற்பத்தி பெரிதும் ஊதியச் செலவைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. ஊதிய அளவுகோல் நாடு முழுவதும் ஒன்றுதான். எனவே கிழக்கு கேப்பின் உம்டாட்டாவில் கற்பிக்கும் ஆசிரியரும் ஜோகன்னஸ்பர்கின் வசதியான புறநகரான சாண்ட்டனில் கற்பிக்கும் ஆசிரியரும் ஒரே தரநிலையில் இருந்தால் கணக்கில் ஒரே அளவு 'படைக்கிறார்கள்', வகுப்பில் எது நடந்தாலும் சரி. அரசு வேலை மிகுந்த மாகாணத்தில் இந்தச் சமன்பாடு கணக்கு முறையே உண்டாக்கும் சமன்பாடு.

துறைமுகத்தான் எழுதியது:

ஐயா சொன்னதோடு இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். உற்பத்தி எந்த மாகாணத்தின் பேரேட்டில் ஏறுகிறது என்பதே பெரிய கேள்வி. நான் இருபது ஆண்டுகளாகச் சரக்குத் தீர்வை வேலையில் இருப்பவன். நாட்டின் கொள்கலன் போக்குவரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு டர்பன் துறைமுகம் வழியாகத்தான் நடக்கிறது. ஆனால் அவற்றில் பல, கப்பலிலிருந்து இறங்கியபின் ஜோகன்னஸ்பர்கின் சிட்டி டீப் உலர்துறைமுகத்துக்கு ஏற்றப்பட்டு அங்கேதான் சுங்கத் தீர்வை பெறுகின்றன. கடலே இல்லாத ஊரில் துறைமுகம் இருப்பதை ஊரிலிருந்து வரும் உறவினருக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடும்.

நான் முன்பு இருந்த நிறுவனம் ஒரு நாள் தன் கணக்கு, கொள்முதல், காப்பீட்டுப் பிரிவுகளைச் சாண்ட்டனுக்கு மாற்றியது. அதே லாரிகள், அதே முற்றம், அதே ஓட்டுநர்கள். ஒரு நிறுவனம் பல மாகாணங்களில் இயங்கும்போது அதன் இலாபத்தைப் பிரிக்கப் பொதுவாகக் கையாளப்படும் வழி, எந்த இடத்தில் எவ்வளவு ஊதியம் கொடுக்கப்படுகிறது என்ற விகிதத்தில் பிரிப்பதாகும். உயர் சம்பளக்காரர்கள் இடம் மாறினால் அவர்களுடைய ஊதியத்தோடு இலாபத்தின் ஒரு பகுதியும் அந்த மாகாணக் கணக்குக்குப் போய்விடுகிறது. டர்பன் துறைமுகத்தின் மேய்டன் வார்ஃபில் வேலை செய்பவன் நேற்றைவிட இன்று சோம்பேறியாகிவிட்டான் என்று அதற்குப் பொருளில்லை.

வடக்கு கேப் பற்றிய கேள்விக்கும் இங்கேதான் விடை. சிஷென் சுரங்கத்தின் இரும்புத்தாது 861 கிலோமீட்டர் இரயில்பாதையில் மேற்கு கேப்பின் சல்டான்ஹா துறைமுகம் வரை போகிறது. தாது வெட்டும்போது உருவாகும் மதிப்பு வடக்கு கேப் பெயரில் ஏறுகிறது. அதில் உள்ளூர்க் கூலியாகத் தங்குவது ஒரு பகுதிதான், பங்காதாயம் வேறெங்கோ வாழும் பங்குதாரர்களுக்குச் செல்கிறது. உற்பத்தி நடக்கும் இடமும் வருமானம் சேரும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. நமது மாகாணத்தின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுக நகரில் உள்ள அலுமினிய உருக்காலையும் அப்படித்தான். அங்கே மதிப்பைப் படைப்பவை பெரும்பாலும் இயந்திரங்களும் மின்சாரமும். தொழிலாளிக் கணக்கில் எண் உயர்ந்து தெரிவது அதனால்தான், பக்கத்து ஊரான எம்பங்கேனியில் சமையல் பானை நிறைந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

லெனேசியாக்காரி எழுதியது:

நான் கவுடெங்கில் இருப்பவள், ஆனாலும் சண்டைக்கு வரவில்லை. யாரும் தொடாத ஒன்று விலை. இந்தப் பங்குகளெல்லாம் பெரும்பாலும் நடப்பு விலையில், அதாவது அந்தந்த ஆண்டின் விலையில், சொல்லப்படுபவை. ரிச்சர்ட்ஸ் பே முனையத்தின் நிலக்கரி ஏற்றுமதி 2017-இல் 76 மில்லியன் டன்னைத் தாண்டியிருந்தது, 2022-இல் அது சுமார் 50 மில்லியன் டன்னாக வீழ்ந்தது. இரயில்கள் ஓடவில்லை, கம்பிகள் திருட்டுப் போயின. ஆனால் உக்ரைன் போரால் அந்த ஆண்டு உலகச் சந்தையில் நிலக்கரி விலை வரலாறு காணாத அளவுக்கு ஏறியது. நடப்பு விலையில் பார்த்தால் அந்த நிலக்கரியைப் பெரும்பாலும் தோண்டும் ம்புமலாங்கா மாகாணம் கொழித்ததுபோல் தோன்றும். நிலையான விலையில், அதாவது எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே ஆண்டின் விலையை வைத்து, பார்த்தால்தான் டன் குறைந்தது தெரியும். ரஸ்டன்பர்கின் பிளாட்டினச் சுரங்கங்களுக்கும், பிளாட்டினத்தோடு சேர்ந்து கிடைக்கும் ரோடியம் என்ற உலோகத்தின் விலை உச்சத்துக்குப் போன 2021-ஐ எடுத்துக்கொண்டால், இதே கதைதான். உற்பத்தித்திறன் கூடியதா என்று கேட்பவர் முதலில் விலையைக் கழித்துவிட வேண்டும்.

இன்னொன்று: 2021-இல் புள்ளியியல் துறை அடிப்படை ஆண்டை 2015-க்கு மாற்றித் தேசியக் கணக்கைத் திருத்தியபோது பொருளாதாரத்தின் அளவே சுமார் 11 விழுக்காடு பெரிதாகிவிட்டது. ஆகவே பழைய அட்டவணை ஒன்றையும் புதிய அட்டவணை ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம். நீங்கள் வகுக்கப் பயன்படுத்திய 2022 கணக்கெடுப்பிலும் விடுபட்டோர் 31 விழுக்காடு என்று மதிப்பிட்டுத்தான் எண்களைச் சரிசெய்தார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போட்டுச் சண்டை பிடிக்கத் தகுந்த எண்கள் அல்ல இவை.

சாட்ஸ்வொர்த்வாசி எழுதியது:

ஐயா, அண்ணா, அக்கா, மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு துணைக் கேள்வி: இந்த உற்பத்திப் பங்கை வைத்துத்தான் பிரிட்டோரியாவிலிருந்து மாகாணங்களுக்குப் பணம் பிரிக்கப்படுகிறதா? அப்படியென்றால் பெரியப்பா மகனின் பேச்சில் கவலைப்பட ஏதோ இருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கவலை வேண்டாம். மாகாணங்களுக்கான சமப்பங்கு வாய்பாட்டில் கல்விக்கு 48 விழுக்காடு, உடல்நலத்துக்கு 27, மக்கள்தொகைக்கு 16, நிர்வாகச் செலவுக்கு 5, வறுமைக்கு 3 என்று எடை வைத்திருக்கிறார்கள். பொருளாதாரச் செயல்பாட்டுக்கு எஞ்சியிருப்பது 1 விழுக்காடு. நீங்கள் இருவரும் பந்தியில் பிடித்த சண்டை அந்த 1 விழுக்காட்டைப் பற்றியதுதான். அடுத்த திருமணத்துக்குள் துறைவாரியாக, அதாவது சுரங்கம், தொழிற்சாலை, நிதி, அரசு என்று பிரித்து ஒரு தொழிலாளிக்கான உற்பத்தியை இரு மாகாணங்களுக்கும் போட்டுப் பாருங்கள். நிதித் துறையை ஒதுக்கிவிட்டுப் போட்டால் அந்த 1.1-இல் எவ்வளவு எஞ்சுகிறது என்பதை எனக்கும் எழுதுங்கள்.