நிமலராஜன் நினைவுக் கூட்டம்: அழைப்பிதழ் பற்றிச் சில வார்த்தைகள்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஒக்டோபர் 19 நெருங்குவதால் 2000இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜனுக்கு லண்டனில் நினைவுக் கூட்டம் வைப்போம் என்று செயலாளர் தம்பி எழுதியிருந்தார். வைக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் அனுப்பிய அழைப்பிதழில் அடைமொழிகள் ஐந்தாறு வரிக்கு நீள்கின்றன. அந்த மனிதர் செய்த வேலை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் அதை வாசித்து என்ன விளங்கிக்கொள்வார்கள்?

அந்த நாட்களில் யாழ்ப்பாணம் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடிக் கிடந்தது. வெளியூர்ப் பத்திரிகையாளர் உள்ளே வருவதென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். காணாமற்போனவர்களைப் பற்றியும் குடாநாட்டில் நடந்த அத்துமீறல்களைப் பற்றியும் வெளியுலகம் அறிந்ததெல்லாம் உள்ளேயே இருந்து எழுதிய மிகச் சிலரின் வழியாகத்தான். நிமலராஜன் அவர்களில் ஒருவர். பிபிசி தமிழோசை வானொலிக்கும் வீரகேசரிப் பத்திரிகைக்கும் செய்தி கொடுத்தார். பிபிசியின் சிங்கள சேவைக்கும் ‘ராவய’ என்ற சிங்கள வார இதழுக்கும்கூடக் கொடுத்தார். இந்தப் பின்பாதியை நம்மவர்கள் கூட்டங்களில் சொல்வதேயில்லை. எனக்கோ அதுதான் பெரிதாகப் படுகிறது. அவர் சொன்னது தமிழோசை கேட்ட நமக்கு ஏற்கெனவே பட்டறிந்த துன்பம். தெற்கில் பலருக்கு அதுவே முதற்செய்தி.

2000 ஒக்டோபர் 10ஆம் திகதி பொதுத் தேர்தல். யாழ்ப்பாணத்தில் நடந்த வாக்கு மோசடியையும் மிரட்டல்களையும் அவர் செய்தியாக்கினார். 19ஆம் திகதி இரவு, வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவரை யன்னல் வழியாகச் சுட்டார்கள். போகும்போது கைக்குண்டையும் வீசினார்கள்; பெற்றோரும் மருமகனான சிறுவனும் காயப்பட்டார்கள். உயர் பாதுகாப்பு வலயம், ஊரடங்கு நேரம். துப்பாக்கியோடு அந்த வீதியில் யாரால் போய்வர முடியும் என்று அன்றைக்கே ஊரெல்லாம் கேட்டது, மெல்லிய குரலில்.

ஒரு கட்சியின் ஆட்கள் மீது சந்தேகம் விழுந்தது, கட்சி மறுத்தது. சிலர் கைதாகிப் பிணையில் போனார்கள். வழக்கு இருபது ஆண்டு இழுபட்டது. 2021இல் சட்டமா அதிபர் திணைக்களம் அதைக் கைவிட்டது. கொன்றவர்களுக்குத் தண்டனை இல்லை என்று ஆனபின் அடுத்த கொலைக்கு என்ன தடை? அடுத்தடுத்துப் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டார்கள்: 2004இல் மட்டக்களப்பில் நடேசன், 2005இல் கொழும்பில் கடத்தப்பட்ட சிவராம், 2006இல் திருகோணமலையில் சுகிர்தராஜன். அந்த ஆண்டு ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களும் துப்பாக்கிச் சூட்டினால்தான் இறந்தார்கள் என்பதைச் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் காட்டின. அதன்பின் ஒரு மாதம்கூட அவரை விட்டுவைக்கவில்லை.

இனி நமக்கு நேரடியாகச் சம்பந்தமான விடயம். 2022 பெப்ரவரியில் பிரித்தானியப் பொலிஸாரின் போர்க்குற்றப் பிரிவு, நிமலராஜன் கொலை தொடர்பில் நோர்தாம்டன்சயரில் ஒருவரைக் கைதுசெய்து, பின்னர் விசாரணை தொடரும் என்ற நிலையில் விடுவித்தது. 2001ஆம் ஆண்டின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டப்படி, பிரித்தானியாவில் வசிப்பவர் 1991 ஜனவரிக்குப் பின் வேறு நாட்டில் செய்த போர்க்குற்றத்தையும் அங்கே விசாரிக்கலாம். அதனால் தகவல் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று பொலிஸார் நம் சமூகத்திடம் வெளிப்படையாகவே கேட்டார்கள்.

அந்தக் காலத்தில் யாழ். நகரத்தில் வேலை பார்த்தவர்களும், அந்தத் தேர்தலில் வாக்குச்சாவடிக் கடமையில் நின்றவர்களும் இந்த மடற்குழுவிலேயே இருக்கிறீர்கள். பயம் இருக்கும். ஊரில் இன்னும் சகோதரங்கள் இருக்கிறார்கள் என்ற கவலையும் நியாயமானது. ஆகவே எவரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கண்ணால் கண்டவர்களுக்கு வயது போகிறது, உறவுகளே.

என் வேண்டுகோள் இதுதான். கூட்டத்தில் தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்று வழக்கமாகக் கரையும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைச் சட்டத்தரணி ஒருவருக்கு ஒதுக்குங்கள். சாட்சியம் எப்படிக் கொடுப்பது, பெயர் வெளியே வராமல் எந்த அளவுக்குப் பாதுகாப்புக் கேட்கலாம், கனடாவிலோ பிரான்சிலோ இருப்பவர் என்ன செய்யலாம் என்பவற்றை அவர் தமிழில் விளக்கட்டும். ஆங்கிலம் தடுமாறும் மூத்தவர்களோடு கூடப்போக இளையவர்கள் நாலு பேர் பெயர் தந்தால் நல்லது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: யாரையாவது சந்தேகித்து இந்தக் குழுவில் பெயர் எழுத வேண்டாம். அது அந்த ஆளை உசார்ப்படுத்தும், வழக்கையும் கெடுக்கும். சட்டத்தரணி விடயத்தில் ஆட்சேபம் இல்லையென்றால் அழைப்பிதழைத் திருத்தி வெள்ளிக்கிழமை அனுப்பிவைக்கிறேன்.