காரில் ரிக்: கறுப்பு வயர் பேட்டரிக்கா, பாடிக்கா?

புதுக்குரல்:
ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. 50 வாட் வி.எச்.எஃப். (மிகை உயர் அதிர்வெண்) ரிக், அதாவது பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ செட் ஒன்றைக் காரில் வைக்கப் போகிறேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிப் பார்த்தேன். குறைந்த பவரில் ஓடியது. 50 வாட்டுக்கு மாற்றி மைக்கை அழுத்தியதும் திரை அணைந்து மறுபடி எரிந்தது. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்கலாம் என்றால், ரிக்கின் கையேடு இரண்டு வயரையும் பேட்டரியில் கட்டச் சொல்கிறது. காரின் கையேடு நெகட்டிவ் முனையில் எதையும் கட்டக் கூடாது என்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

பழைய சாலிடர்:
ரிக் கையேட்டின் பேச்சை. 50 வாட்டில் பேசும்போது ரிக் 10, 11 ஆம்பியர் இழுக்கும். லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15. அதைவிட மோசம் உள்ளே இருக்கும் ஸ்பிரிங். என் பழைய காரில் பிளக் சூட்டில் இளகி சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டது, இடுக்கி போட்டுத்தான் பிடுங்கினேன். இரண்டு வயரையும் நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். இரண்டிலும் ஃபியூஸ், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். பாடியில் எர்த் எடுத்தால் பெயிண்ட், துரு, ஆல்டர்னேட்டர் இரைச்சல் எல்லாம் சேர்ந்து வரும்.

தரைத்தளம்:
சாக்கெட் விஷயத்தில் ஓ.எம். (ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் 'ஓல்ட் மேன்') சொல்வது சரி. கறுப்பு (நெகட்டிவ்) வயரில் மட்டும் அவர் பழைய காரிலேயே இருக்கிறார். இப்போது பல கார்களில் நெகட்டிவ் கிளாம்பிலேயே ஒரு சென்சார் இருக்கிறது. பேட்டரிக்குள் போகும் மின்சாரம், வெளியே வரும் மின்சாரம் இரண்டுக்கும் வரவு செலவு எழுதுகிற கணக்குப்பிள்ளை அது. முனையிலேயே கட்டினால் ரிக்கின் செலவு அவர் நோட்டில் ஏறாது, அப்புறம் கார் தப்புக் கணக்கை நம்பி சார்ஜ் செய்யும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியில் போல்ட் ஆகிற இடத்தில் கட்டுங்கள்.

பழைய சாலிடர்:
சென்சார் இல்லாத காருக்கு?

தரைத்தளம்:
அதற்கும் அதே போல்ட்தான். ரிக்கின் உலோக உடம்பு ஏற்கெனவே பிராக்கெட் வழியாகவோ கோஆக்ஸின் (ஆண்டெனா கேபிளின்) வெளிப் பின்னல் வழியாகவோ கார் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கறுப்பு வயரைப் பேட்டரி முனையில் கட்டினால் பாடிக்கும் பேட்டரிக்கும் நடுவே இரண்டாவது பாதை உண்டாகிறது. காரின் சொந்த எர்த் கேபிள் தளர்ந்தது என்று வையுங்கள். சாவியைத் திருகியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கிற நூறு ஆம்பியருக்கு மேலான கரண்ட் உங்கள் ஒல்லி வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும்.

பழைய சாலிடர்:
அதற்குத்தானே ஐயா நெகட்டிவ் ஃபியூஸ்! கையேடு எழுதியவர் விவரம் தெரியாமலா போட்டார்?

தரைத்தளம்:
ஃபியூஸ் எரிந்து வயரைக் காப்பாற்றும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கப்புறமும் ரிக் அணையாது. பாடி, பின்னல் வழியாகக் கரண்ட் திரும்பிக்கொண்டு, எதுவும் நடக்காதது போல் ரிக் பேசும். ஃபியூஸ் போனதே உங்களுக்குத் தெரியாது. இரண்டாவது பாதையே இல்லையென்றால் இந்தப் பேச்சே இல்லை.

உச்சிக்கம்பி:
நீங்கள் இருவரும் வயரிலேயே நில்லுங்கள். தம்பி, ஆண்டெனா என்ன? கூரை நடுவில் துளை போட்டு, 49 சென்டிமீட்டர் கால் அலைக் கம்பி (அலைநீளத்தில் கால் பங்கு) வையுங்கள். சுற்றிலும் ஒரே அளவு தகடு, ஆண்டெனாவுக்குத் தரைபோல் உதவும் தரைத்தளம் அதுதான் (பெயர் வைத்துக்கொண்டவர் கோபிக்க வேண்டாம்).

புதுக்குரல்:
வீட்டில் எல்லோரும் ஓட்டுகிற கார். துளை என்று வாயெடுத்தாலே சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். காந்த மவுண்ட் வாங்கிவிட்டேன்.

உச்சிக்கம்பி:
வி.எச்.எஃப்.க்குப் பரவாயில்லை. காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பெயிண்ட் இருந்தாலும் அது கப்பாசிட்டர் போல வேலை செய்து இணைத்துவிடும். நாளை எச்.எஃப்.க்கு (இதைவிடக் குறைந்த அதிர்வெண்ணுக்கு) போகும்போது இது பற்றாது. 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலையே 10 மீட்டர். இரண்டு மீட்டர் கம்பியும் சுருளும் வைத்துச் சமாளிக்கையில் பவரில் பெரும்பகுதி சுருளிலும் எர்த்திலும் சூடாகவே போகும். அப்போது வந்து கேளுங்கள். இன்னொன்று: கோஆக்ஸையோ வயரையோ பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் தூண் மறைப்புக்குள் திணிக்காதீர்கள். ரிக்கையும் ஏர்பேக் விரிகிற இடத்தில் வைக்காதீர்கள்.

பழைய சாலிடர்:
வயரின் தடிமனை யாரும் சொல்லவில்லையே. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, போக 5 மீட்டர், வர 5 மீட்டர்: கிட்டத்தட்ட 0.07 ஓம். 11 ஆம்பியரில் முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும். எஞ்சின் அணைந்து பேட்டரி 12.4 காட்டும்போது ரிக்குக்குக் கிடைப்பது 11.6. பல ரிக்குகள் 13.8-க்கு 15 சதவீதம் கீழே, அதாவது 11.7 வரைதான் பொறுப்பேற்கும். 6 சதுர மில்லிமீட்டர் போடுங்கள்.

தரைத்தளம்:
இதில் மறுபேச்சு இல்லை.

புதுக்குரல்:
இப்போதுதான் பானட்டைத் திறந்து பார்த்தேன். நெகட்டிவ் கிளாம்பில் சின்னக் கறுப்புப் பெட்டி, அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று போகிறது. கணக்குப்பிள்ளை இருக்கிறார். பாடி போல்ட்டில்தான் கட்டப் போகிறேன். சிவப்பு பேட்டரிக்கே, ஃபியூஸோடு.

பழைய சாலிடர்:
சரி, உங்கள் காருக்கு அதுதான். போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு வளையம் போட்ட லக் வையுங்கள். 50 வாட்டில் பேசிக்கொண்டே ரிக்கின் கறுப்பு முனைக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை. என் காரில் சென்சார் கிடையாது, இரண்டு ஃபியூஸும் இருந்த இடத்திலேயே இருக்கும். 73 (ஹாம் மொழியில் நல்வாழ்த்துகள்).