புது லேஅவுட் தெருக்கள்: தார் போடும் முன் பார்க்க வேண்டியது என்ன? தளத்தில் கண்டதைப் பகிருங்கள்

மட்டக்கயிறு:
“30 அடி ரோடு” என்று விளம்பரத்தில் வருவது இருபுற மனைகளுக்கும் நடுவே உள்ள மொத்த அகலம். அதில் வடிகால், மின்கம்பம், குழாய்க்குப் போக, தார் விழுவது பல இடங்களில் 5.5 மீட்டர்தான். தெருவைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட்டால், பிறகு வரும் பள்ளத்துக்கு லேஅவுட் போட்டவரைப் பிடிப்பது கஷ்டம். ஒவ்வொரு அடுக்கும் மூடப்படுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மண், ஜல்லி, வடிகால் என்று எதில் தேர்ச்சி உள்ளவரும் எழுதுங்கள்.

கரிசல்காடு:
மண்ணிலிருந்து தொடங்குவோம். புல்லும் வேரும் உள்ள மேல்மண்ணை 15 செ.மீ. வழித்து எடுக்காமல் அதன்மேலேயே கிராவல் அடிப்பதுதான் அடிக்கடி கண்ணில் படுகிற தப்பு. வேர் மக்கினதும் அந்த இடம் உள்வாங்கும்.

நிரப்பும் மண்ணை 20 செ.மீ.க்கு மேல் ஒரே அடுக்காகக் கொட்டினால் ரோலரின் எடை மேலேயே நின்றுவிடும், அடி பொலபொலவென்று கிடக்கும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் இறுக்குங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், கையில் சேறு ஒட்டக் கூடாது. இரு விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளாக உதிர்ந்தால் தண்ணீர் போதாது. பிசுபிசுவென்று நசுங்கினால் காய விடணும். மேல் 50 செ.மீ. மண்ணுக்கு, மாற்றியமைத்த பிராக்டர் சோதனையில் (மண்ணை எவ்வளவு இறுக்க முடியும் என்று லேபில் பார்ப்பது) வரும் உச்ச அடர்த்தியில் 97% இறுக்கம் வேண்டும்; மணல் மாற்று முறைச் சோதனை (தளத்தில் சிறு குழி எடுத்து, மணல் நிரப்பி அடர்த்தி பார்ப்பது) அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

அறிக்கை இல்லையென்றால், லோடு ஏற்றிய டிப்பரை நடை வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பின்சக்கரத்தைக் கவனியுங்கள். சக்கரத்துக்கு முன்னால் மண் மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தால், அந்த இடத்தைத் தோண்டி மாற்றாமல் ஜல்லி போட விடாதீர்கள். கரிசல் மண்ணாக இருந்தால் எவ்வளவு உருட்டினாலும் மழைக்கு உப்பும், கோடையில் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் பிளக்கும். தோண்டி எடுத்து நல்ல கிராவல் நிரப்பணும், இல்லையென்றால் சோதனை செய்து சுண்ணாம்பு கலக்கணும்.

தார்ச்சட்டி:
அண்ணன் சொன்னதற்கு மேல் அடுக்கு ஜல்லி. இதில் யூனிட் (100 கன அடி) கணக்குதான் உண்மையைச் சொல்லும். 100 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம், உருட்டிய பின் 75 மி.மீ. கனம் என்றால் ஓர் அடுக்குக்கு 50 முதல் 59 கன மீட்டர் ஜல்லி இறங்க வேண்டும். அதாவது 18 முதல் 21 யூனிட். 12 யூனிட்டோடு வேலை முடிந்தது என்றால் மீதி கனம் செம்மண்தான்.

பெரிய ஜல்லியைப் பரப்பி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி முதலில் காய்ந்த நிலையிலேயே உருட்டணும். ஜல்லி ஒன்றோடொன்று பிடித்து நகராமல் நின்ற பிறகுதான் பொடி ஜல்லி, தண்ணீர், துடைப்பம், கடைசியில் கொஞ்சம் கிராவல். அந்தக் கிராவலின் பிளாஸ்டிசிட்டி எண் (களித்தன்மையைக் காட்டும் எண்) 6க்குள் இருக்க வேண்டும். களிமண் கலந்த செம்மண்ணை முதலிலேயே கொட்டினால் பார்வைக்கு வழவழவென்று அழகாக இருக்கும். மழையில் அது சேறாகி, மேலே உள்ள தார் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும்.

தாருக்கு முன் தூசியைப் பெருக்கி, காற்றடித்து, பிரைம் கோட் (ஜல்லித் தளத்தில் ஊறும் மெல்லிய தார்ப் பூச்சு) அடித்து ஒரு நாள் விடுங்கள். விஜி-30 என்ற தரத் தாரில் செய்த கலவை 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் உருட்டி முடிக்கணும். 20 மி.மீ. தார் விரிப்புக்கு சீல் கோட் (மேலே துளைகளை அடைக்கும் பூச்சு) கட்டாயம், அது இல்லாமல் தண்ணீர் நேராகக் கீழே இறங்கும். நடு முதுகு ஓரத்தைவிட சுமார் 7 செ.மீ. உயரமா என்று குறுக்கே நூல் பிடித்துப் பாருங்கள்.

வாய்க்கால்மேடு:
வடிகாலின் மட்டம் தெருவில் தொடங்காது. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் ஓடை அல்லது வாய்க்காலின் அடிமட்டத்தை முதலில் எடுங்கள், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 1:200 சாய்வு என்றால் 200 மீட்டர் வடிகாலுக்கு 1 மீட்டர் இறக்கம் தேவை. டெல்டா மாதிரி சமதரையில் இந்த ஒரு மீட்டர் கிடைக்காமல்தான் வடிகால்கள் தொட்டியாகத் தேங்கி நிற்கின்றன.

மட்டக்கயிறு:
பேவர் பிளாக் போடுகிற லேஅவுட்கள் அதிகமாகிவிட்டன. அதையும் யாராவது சொல்லுங்கள்.

தார்ச்சட்டி:
வீடு கட்டி முடியாத தெருவில் கம்பி லாரி, ஜல்லி லாரி, போர் லாரி எல்லாம் ஏறும். 60 மி.மீ. கல் அதற்குத் தாங்காது, 80 கேளுங்கள். அடியில் பரப்பும் மணல் 20 முதல் 40 மி.மீ.தான். கீழ்த்தளத்தின் மேடு பள்ளத்தை மணலாலேயே சரிக்கட்டினால் சக்கரத்தடம் விழும். இருபக்கமும் கெர்ப் கல்லை (தெருவின் ஓரக் கல்) கான்கிரீட்டில் பதிக்காவிட்டால் ஓர வரிசை வெளியே நகர்ந்து, இடுக்கு மணல் கொட்டி, கல் ஆடத் தொடங்கும்.

கான்கிரீட் தெரு என்றால் எம்30 தரக் கலவை. அடியில் பிளாஸ்டிக் ஷீட், 4 மீட்டருக்குள் ஒரு வெட்டு, தளக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். நம்மூர் வெயிலில் காலையில் போட்டதை அன்று மாலையோ இரவோ வெட்டிவிடணும். மறுநாள் மதியம் மெஷின் வருவதற்குள் தளம் தன் இஷ்டத்துக்குக் குறுக்கே வெடித்திருக்கும். மிக்சர் லாரியில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறவரை அப்போதே தடுங்கள்.

வாய்க்கால்மேடு:
ஒன்று விட்டுப்போனது, குழாய். குடிநீர், சாக்கடை இரண்டின் வீட்டு இணைப்பையும் மனை எல்லை வரை கொண்டுவந்து மூடி போட்டுவிட்டுத்தான் ஜல்லிக்கே போகணும். கேபிளுக்குத் தெருவின் குறுக்கே வெற்றுக் குழாய்கள் புதைத்து, இடத்தைக் கெர்ப் கல்லில் பெயிண்டால் குறித்து வையுங்கள். குழி மூடும்போது 15 செ.மீ.க்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு இடிக்கணும். ஜேசிபியால் ஒரே தள்ளாகத் தள்ளி மூடிய குழி, முதல் ஐப்பசி மழையிலேயே தெருவின் நீளத்துக்கும் வாய்க்கால் மாதிரி இறங்கிவிடும்.