தம்பியின் சம்பளத்தை யார் வைத்திருப்பது?

கேள்வி: ஓர் அக்கா, மதுரை

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 27 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவன். சான்றிதழில் 60 விழுக்காடு என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். காகிதப் பை செய்யும் கூடம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்த்து மாதம் 6,500 ரூபாய் வாங்குகிறான். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாயும் அவன் கணக்கிலேயே வரவாகிறது. அப்பா அஞ்சல் துறையில் இருந்து ஓய்வுபெற்றுக் காலமானார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது.

சென்ற மாதம் தெருவில் பழக்கமான ஒருவன் தம்பியின் கைபேசியை வாங்கி, ரகசிய எண்ணையும் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, 3,400 ரூபாயைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டான். அன்றே அம்மா தம்பியின் ஏடிஎம் அட்டையையும் கைபேசியையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பணம் இப்போது பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால், உடன் வேலை செய்பவர்கள் தேநீர் குடிக்கப் போகும்போது இவன் மட்டும் கூடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான் என்று மேற்பார்வையாளர் சொன்னார். முன்பெல்லாம் வாரத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் இவன்தான் தேநீர் வாங்கித் தருவானாம். அம்மா செய்ததைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, இப்படியே விடவும் மனம் வரவில்லை. பணத்தை இழக்காமலும் அவன் கையைக் கட்டிப்போடாமலும் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: சிறப்புக் கல்வி ஆசிரியை, திருச்சி

வணக்கம் சகோதரி. உங்கள் அம்மாவின் பயம் நியாயமானது. ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். அது உங்கள் தம்பி உழைத்துச் சம்பாதித்த பணம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் நிதி விவகாரங்களைத் தானே நிர்வகிக்கும் உரிமை மற்றவர்களைப் போலவே அவருக்கும் உண்டு என்று 13ஆம் பிரிவில் கூறுகிறது. ஆகவே, எவ்வளவு தொகை வரை தவறு நேர்ந்தாலும் வீடு தாங்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த அளவை முழுமையாக அவரிடமே விட்டுவிடுங்கள்.

நடைமுறையில் இதற்கு இரண்டு கணக்குகள் உதவும். சம்பளமும் உதவித்தொகையும் வரும் கணக்கில் கைபேசிப் பரிவர்த்தனை வேண்டாம். அவர் பெயரிலேயே இன்னொரு கணக்கு தொடங்கி, வாரம் 300 ரூபாய் தானாகப் போய்ச் சேருமாறு வங்கியில் நிலையான அறிவுறுத்தல் கொடுத்துவிட்டால், கைபேசியும் அட்டையும் அந்தச் சிறு கணக்கோடு மட்டும் இணைந்திருக்கும். 2020 முதல் அட்டைக்கான செலவு வரம்பை வாடிக்கையாளரே குறைத்துக்கொள்ளும் வசதியையும் வங்கிகள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பறிபோன 3,400 ரூபாய்க்கு, இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930இல் புகார் கொடுத்தீர்களா? இல்லையென்றால் இன்றே கொடுங்கள்.

கடையில் பணம் கொடுக்கப் பழக்குவதற்கு நான் வகுப்பில் பின்பற்றும் முறை ஒன்றைச் சொல்கிறேன். சட்டைப் பையில் பத்து ரூபாய்த் தாள்கள் மட்டுமே இருக்கட்டும். கடைக்காரர் 37 ரூபாய் என்றால், முப்பதுக்கு மூன்று தாள், அதற்கு மேல் ஒரு தாள், ஆக நான்கு. 52 என்றால் ஐந்தும் ஒன்றும் ஆறு. கூட்டல் கழித்தல் வராதவர்கள்கூட இதைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் விலையில் பத்துகளை மட்டும் காதில் வாங்கினால் போதும். மீதிச் சில்லறையை எண்ணத் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் உள்ளிருப்பது தெரியும் ஒரு டப்பாவில் போடட்டும். அந்த டப்பா நிறைவதைக் கண்ணால் பார்ப்பதுதான் அவருக்குச் சேமிப்பு என்றால் என்ன என்பதைப் புரியவைக்கும்.

பேருந்துக்குத் தினமும் காசு கொடுக்கிறீர்கள் என்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை.

பதில்: பார்வை மாற்றுத்திறனாளி, வங்கி ஊழியர், சென்னை

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கல்லூரியில் சேரும் வரை என் கையில் யாரும் பத்து ரூபாய்க்கு மேல் கொடுத்ததில்லை. ‘நீ எப்படி எண்ணுவாய்?’ என்று அன்போடுதான் கேட்டார்கள். விடுதியில்தான் ஒரு மூத்த மாணவர் நூறு ரூபாய்த் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லித்தந்தார். இன்றைய தாள்களில் நூறுக்கு நான்கு சாய்கோடுகளும் ஐந்நூறுக்கு ஐந்து கோடுகளும் இருக்கின்றன. இருநூறில் நான்கு கோடுகளுக்கு இடையே இரண்டு வட்டங்கள் தட்டுப்படும். பத்து, இருபது, ஐம்பதில் அத்தகைய அடையாளம் கிடையாது என்பதால் நான் இருபதை நீளவாக்கிலும் ஐம்பதைக் குறுக்கிலும் மடித்து வைத்துக்கொள்கிறேன். தாள் தேய்ந்திருந்தால், ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட ‘மணி’ செயலி தொகையைக் குரலில் சொல்லிவிடும்.

கல்லூரிக்கு முந்தைய அந்தப் பதினேழு ஆண்டுகளில் என் பணம் எதுவும் தொலையவில்லை. ஆனால் முதல் சம்பளம் வந்தபோது ஒரு கிலோ அரிசி என்ன விலை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. மாதக் கணக்கு என்ற ஒன்றைப் போடக் கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின. உங்கள் தம்பிக்கு அந்த நிலை வர வேண்டாம் சகோதரி. மளிகைச் சீட்டு எழுதும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே ஒரு பொருளையாவது அவர் பொறுப்பில் விடுங்கள்.

பதில்: ஓர் அம்மா, கோயம்புத்தூர்

என் மகனுக்கு 32 வயது. அவனுக்கும் அறிவுசார் குறைபாடுதான். அன்றாடச் செலவைப் பற்றி மேலே எழுதியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் பெரிய தொகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன் கண்ணு.

அம்மாவின் ஓய்வூதிய ஆணையில் தம்பியின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அஞ்சல் துறை மத்திய அரசுப் பணி என்பதால், அம்மாவுக்குப் பிறகு தம்பிக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. அவர் வேலை செய்வதால் அது கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். 2021இல் வந்த ஆணைப்படி, பிற வழிகளில் வரும் அவருடைய வருமானம், அவருக்கு உரிய குடும்ப ஓய்வூதியத்தை, அதாவது அப்பாவின் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடும் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையை, விடக் குறைவாக இருந்தால் போதும். அம்மா இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு அலைச்சல் மிக அதிகம்.

வங்கியில் பாதுகாவலர் சான்று கேட்டால், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட அளவில் அமைந்துள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். நான் வாங்கியிருக்கிறேன். ஆனால் பாதுகாவலர் ஆகிவிட்டால் சொத்துப் பட்டியலும் ஆண்டுக் கணக்கும் ஒப்படைக்க வேண்டும். அது சும்மா ஒரு தாள் இல்லை. தம்பி தானே கையெழுத்துப் போட்டுக் கணக்கை நடத்த முடிகிறது என்றால் அவசரப்படாதீர்கள். அதே சட்டத்தின்கீழ் உள்ள ‘நிரமயா’ மருத்துவக் காப்பீட்டில் மட்டும் உடனே சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பயிற்சிச் சிகிச்சைச் செலவும் அதில் அடங்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 1930க்குப் புகார் கொடுத்துவிட்டோம். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. வாரம் 300 ரூபாய்தான், அதுவும் தனிக் கணக்கில் என்று விளக்கியதும் பீரோவைத் திறந்து கைபேசியைக் கொடுத்தார். ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பார்த்தோம், தம்பியின் பெயர் அதில் இல்லை. திங்கட்கிழமை தலைமை அஞ்சலகத்துக்குப் போகிறோம்.

நேற்று மாலை பத்து ரூபாய்த் தாள்களோடு தம்பியைப் பால் வாங்க அனுப்பினேன். 28 ரூபாய்க்கு மூன்று தாள் கொடுத்து, மீதி இரண்டு ரூபாயைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டான். இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, “ஆறு பேருக்குத் தேநீர் என்றால் எத்தனை தாள் அக்கா?” என்று கேட்டான்.