எம்.எஸ்சி. முடித்தால் போர்டு மாட்டலாமா?

தேன்மொழி:
பிளஸ் டூ முடித்த ஒரு பெண் சைக்காலஜி எடுக்கலாமா என்று கேட்டதற்கு, “எம்.எஸ்சி. வரை படி, அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம்” என்று சரவணன் சார் நேற்று பதில் எழுதியிருக்கிறார். மனநலச் சிக்கல் உள்ளவர்களைப் பரிசோதித்து, பேச்சு வழியாகச் சிகிச்சை தரும் வேலை அது. படித்ததும் எரிச்சலாக இருந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பாருங்கள். இவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற கிளினிக்கல் படிப்பு கட்டாயம் வேண்டும். முதுகலைக்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். என்பதுதான் இத்தனை காலம் எல்லாரும் போன வழி. சின்னப் பெண்ணை ஏன் சார் குழப்புகிறீர்கள்?

நெல்லை சரவணன்:
அந்த எம்.ஃபில்.லைத்தான் பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யூ.ஜி.சி., 2022-லேயே ஒழித்துவிட்டதே மேடம். இல்லாத படிப்பை அந்தப் பெண் எங்கே போய்ப் படிப்பாள்?

தேன்மொழி:
அரைச் செய்தி படித்துவிட்டு வராதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் என்கிற மனநல சமூகப்பணி, இரண்டின் எம்.ஃபில்.லும் 2025-26 கல்வியாண்டு வரை செல்லும் என்று 2024 ஜனவரியில் அதே யூ.ஜி.சி.தான் அறிவித்தது.

நெல்லை சரவணன்:
அதற்கு அப்புறம்? ஒழித்தாச்சு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

தேன்மொழி:
படிப்பின் பெயர் மாறினால் பயிற்சி வேண்டாம் என்று ஆகிவிடுமா? வார்டில் நோயாளியோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து கேஸ் ஹிஸ்டரி எடுக்க வேண்டும். அதை கன்சல்டன்ட் என்கிற மூத்த நிபுணர் முன்னால் பிரசென்ட் செய்ய வேண்டும். “தூக்கம் எப்போதிலிருந்து போச்சு என்று கேட்டாயா?” என்று அவர் கேட்டால், முழித்துவிட்டுத் திரும்பவும் வார்டுக்கு ஓட வேண்டும். எம்.எஸ்சி. வகுப்பில் இதில் கால்வாசிகூடக் கிடைக்காது.

குமரன்:
நேரில் வகுப்புக்குப் போய்ப் படித்த இந்தப் பெருமை தாங்க முடியவில்லை. நான் அஞ்சல் வழியில்தான் எம்.எஸ்சி. படித்தேன். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள் எல்லாம் மட்டமா அக்கா?

தேன்மொழி:
உங்களை யார் சொன்னது தம்பி? ஆனால் கேட்டதால் சொல்கிறேன். 2025-ல் அஞ்சல் வழி சைக்காலஜியை யூ.ஜி.சி. சும்மா நிறுத்தவில்லை. கண் எவ்வளவு ஏமாறுகிறது என்று அளக்க முல்லர்-லயர் பலகை என்று ஒன்று உண்டு, கையில் பிடித்திருக்கிறீர்களா? அம்பு முனை வைத்த கோடும் விரிந்த முனை வைத்த கோடும் சமம் என்று எதிரில் இருப்பவர் சொல்லும்வரை நகர்த்தி, பின்பக்க அளவுகோலில் எத்தனை மில்லிமீட்டர் பிழை என்று குறிக்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து வெளியே, திரும்பத் திரும்ப. இதைத் தபாலில் அனுப்புவார்களா?

குமரன்:
அஞ்சல் வழிக்காரர்கள் நேரில் போகிற கான்டாக்ட் கிளாஸில் எல்லாம் செய்தோம். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதும் செய்தோம். ரெக்கார்டு நோட்டை போட்டோ எடுத்துப் போடட்டுமா?

பாலா:
கோடு அளந்தால் மனசு புரிந்துவிடுமா? ஃப்ராய்டு சொன்னதை எவன் நிரூபித்தான்? இதற்கு எம்.எஸ்சி. பட்டம் வேறு.

தேன்மொழி:
ஃப்ராய்டைத் தவிர வேறு பெயர் தெரியாதவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக்கில் சைக்காலஜிக்கென்று சோதனைக்கூடம் வைத்தது 1879. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சைக்காலஜித் துறை வந்தது 1916. பிள்ளைகள் இன்றைக்கு அழுவது புள்ளியியல் தாளுக்கு, ஃப்ராய்டுக்கு அல்ல.

நெல்லை சரவணன்:
எதற்கு மேடம் ஜெர்மனிக்குப் போகிறீர்கள்? எம்.ஃபில். இருக்கிறதா இல்லையா? போன முறை ஆட்டிசம் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் வருடங்களாக அடுக்கி என் வாயை அடைத்தீர்கள். நான் மறக்கவில்லை.

தேன்மொழி:
அன்றைக்கும் நீங்கள் சொன்னது தப்பு. ஆள் சரியானவரா என்று பார்க்க மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் ஆளுக்கொரு சி.ஆர்.ஆர். எண் இருக்கிறது. அந்த எண் இல்லாமல் மாட்டுகிற போர்டை நம்பி ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள். என் கோபம் அதற்குத்தான்.

நெல்லை சரவணன்:
உங்கள் எண்ணைப் போடுங்களேன், பார்ப்போம்.

தேன்மொழி:
நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எங்கேயும் போர்டு மாட்டவில்லை.

குமரன்:
ஓ, எண் இல்லாதவர்தான் இவ்வளவு நேரம் எங்களுக்கு வகுப்பெடுத்தாரா!

தேன்மொழி:
தம்பி, மாட்டாதவளுக்கு எண் எதற்கு? சரவணன் சார், அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதிலைத் திருத்துங்கள்.

நெல்லை சரவணன்:
திருத்த மாட்டேன். எம்.ஃபில்.லை ஒழித்தாச்சு.