காப்பர் ஒயர் எடுத்த பையனை அவன் வயதுப் பிள்ளைகளே விசாரித்தால்?

கணக்கு டீச்சர் (பாலக்கோடு பக்கம்):
வணக்கம். அரசுப் பள்ளியில் பதினான்கு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். போன மாதம் என் பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்துத் தோட்டத்து போர்வெல் மோட்டார் கேபிளை அறுத்து, மேல் ரப்பரை எரித்து, காப்பரைப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டார்கள். கைக்குக் கிடைத்தது 700 ரூபாய்.

தோட்டக்காரர் ஸ்டேஷனுக்குப் போனார். பையன்களை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். அப்பாக்கள் பணம் கட்டினார்கள், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். விஷயம் முடிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒருவன் வகுப்புக்கு வருகிறான், பிள்ளைகள் அவனை 'காப்பர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னொருவன் வரவே இல்லை. ஓசூருக்கு வேலைக்கு அனுப்பப் போவதாக அவன் அம்மா சொல்கிறார். பதினைந்து வயது.

தோட்டக்காரர் என்னைப் பார்த்தபோது, நாலு நாள் தண்ணீர் கட்ட முடியாமல் தக்காளியில் பூவெல்லாம் கொட்டிவிட்டது என்று வருத்தப்பட்டார். அதை வகுப்புக்கு வரும் பையனிடம் சொன்னேன். "அது எனக்குத் தெரியாது டீச்சர்" என்று அழுதுவிட்டான். அவ்வளவு பேர் விசாரித்தும் யாரும் இதை அவனிடம் சொல்லவே இல்லை.

அமெரிக்காவில் சின்னக் குற்றங்களைப் பிள்ளைகளே விசாரிக்கும் நீதிமன்றங்கள் உண்டு என்று படித்தேன். உள்ளே எப்படி நடக்கும்? நம் ஊரில் ஒரு பள்ளியில் முயற்சி செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் அக்கா:
டீச்சர், ஆறு வருடம் நியூயார்க்கில் இருந்தேன். புரூக்ளினில் ரெட் ஹூக் என்ற பகுதியில் 1998-இல் இப்படி ஒன்று தொடங்கினார்கள். என் தோழி மகள் இன்னொரு இடத்தில் ஜூரியாக, அதாவது கேட்டு முடிவு சொல்லும் குழுவில் ஒருத்தியாக, உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

செய்தானா இல்லையா என்ற விசாரணை பெரும்பாலான இடங்களில் கிடையாது. செய்தேன் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு, வீட்டாரும் சம்மதித்தால்தான் அங்கே வரலாம். அப்புறம் அவன் வயதுப் பிள்ளைகளே நீதிபதி, ஜூரி, அவன் பக்கம் பேசுபவர், ஊர் பக்கம் பேசுபவர். பல இடங்களில் நீதிபதி மட்டும் பெரியவர். கேள்வியெல்லாம் 'அன்றைக்கு உன்னோடு யார் இருந்தார்கள்', 'இதனால் யாருக்கு நஷ்டம்', 'உங்கள் அம்மா என்ன சொன்னார்' என்கிற மாதிரி. பெரியவர்களிடம் சொல்லும் பொய் அங்கே எடுபடாது, அவர்களும் அதே வயதுதானே. கடைசியில் மன்னிப்புக் கடிதம், சில மணி நேரப் பொதுவேலை, கட்டுரை என்று ஏதாவது சொல்வார்கள். பல இடங்களில் அவனே பிறகு ஜூரியாக வந்து உட்கார வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சொன்னதை முடித்துவிட்டால் வழக்கு சிறார் நீதிமன்றம் வரை போகாது.

டெக்சாஸில் ஒடெஸாவில் 1983-இல் தொடங்கியதைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களுக்கும் பரவியது. 2002-இல் அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் நான்கு மாநிலங்களில் ஆய்வு செய்தது. ஆறு மாதத்துக்குள் மறுபடி சிக்கியவர்கள் அலாஸ்காவில் 6 சதவீதம், வழக்கமான வழியில் போனவர்களில் 23. மிசௌரியில் 9, 28. மேரிலாண்டில் மட்டும் 8, 4 என்று தலைகீழாக வந்தது. அதனால் எங்கே வைத்தாலும் பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

தருமபுரி வக்கீல்:
டீச்சர், நம் சட்டத்தில் பிள்ளைகள் நடத்தும் நீதிமன்றம் என்று ஒன்று இல்லை. 2015 சிறார் நீதிச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமம்தான். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அதில் ஒருவராவது பெண். உயரமான மேடை கூடாது, கோர்ட் ஹால் மாதிரி இருக்கவே கூடாது. அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், கண்காணிப்போடு பொதுவேலை கொடுக்கலாம். நீதிமன்ற நடவடிக்கை இல்லாமல் தீர்ப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்று 3-ஆம் பிரிவே சொல்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பெரியவர்களுக்கே, 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான்.

பள்ளிக்குள் நடக்கும் அடிதடி, பேனா, செல்போன் விஷயங்களுக்குப் பிள்ளைகளை வைத்துப் பேசுங்கள், தாராளமாக. போலீஸ் வரை போனதில் கை வைக்காதீர்கள். நஷ்டத்துக்கு ஈடாகத் தோட்டத்தில் வேலை செய்யச் சொல்லவும் கூடாது, அது கூலி வேலையாகிவிடும். பையன் யார் என்று தெரியும்படி எழுதுவதை 74-ஆம் பிரிவு தடுக்கிறது, ஊர் பெயர் போடாமல் எழுதியது நல்லது. படிப்பை நிறுத்தியவனுக்காகக் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள், இன்றைக்கே.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
எனக்கு ஒரு பயம் இருக்கிறது டீச்சர். பன்னிரண்டு வயதில் மாங்காய் பறித்ததற்காக என்னை ஊர் நடுவில் நிற்க வைத்தார்கள். என்னோடு பறித்த பையன் பெரிய வீட்டுப் பிள்ளை, அவனைக் கூப்பிடவே இல்லை. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் உட்காரும் பிள்ளைகள் எல்லாம் ஒரே தெருவாக இருந்தால் நீங்கள் வைக்கிற பெயர் எதுவானாலும் அது பஞ்சாயத்துதான். யார் உட்காருகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். கூட்டம் கூடாமல், அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசுங்கள்.

கணக்கு டீச்சர் (பாலக்கோடு பக்கம்):
மூவருக்கும் நன்றி. மாந்தோப்பு அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் வகுப்பில் நான்கு ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஊருக்கு ஒருவர், இரண்டு பெண் பிள்ளைகள் கட்டாயம் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். பள்ளிக்குள் நடப்பது மட்டும், அதுவும் இரண்டு பக்கமும் சம்மதித்தால் மட்டும். முதலில் எடுக்கப் போவது அந்தப் பட்டப்பெயர் விஷயம். வைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும், அவனும் ஒத்துக்கொண்டான்.

1098-க்குப் பேசிவிட்டேன். சனிக்கிழமை அந்தப் பையன் வீட்டுக்கும் போகிறேன். தோட்டக்காரரும் வருகிறேன் என்றார். பணத்தைப் பற்றிப் பேச மாட்டேன், பரீட்சை எழுதச் சொல்லத்தான் வருகிறேன் என்று அவராகவே சொன்னார்.